மூன்றாம் எண் எரிந்த நாட்கள்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊரைத் தாண்டியதும் வருகிற மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் நான் மூன்று சீசன் வேலை பார்த்தேன். பேருக்கு எலெக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ். ஃபியூஸ் போடுவதிலிருந்து மேனேஜர் அறை ஏசியின் ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றுவது வரை எல்லாம் என் தலையில்தான் விழும். டிப்ளமோ முடித்தவள் என்பதால் எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். நான் எழுதப்போவது இரண்டாவது சீசனில் நடந்தது. அந்த மூன்று வாரமும் நான் எதையும் தெளிவாகப் புரிந்துகொண்டு செய்யவில்லை. அதனால் அப்போது குழம்பியபடியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

லாரியில் வரும் தோத்தாபுரி மாம்பழம் முதலில் தண்ணீர்த் தொட்டியில் விழும். கழுவி முடித்து பெல்ட்டில் ஏறி வரும்போது இரண்டு பக்கமுமாக மொத்தம் ஐந்து பெண்கள் நின்று அழுகல், காய், குச்சி, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். பெரிதாக ஏதாவது சிக்கினால் பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும். கழுவும் மெஷின் இரைச்சலும் நீராவி இரைச்சலும் சேர்ந்து அடிக்கிற கொட்டகை அது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே காதில் விழாது. அந்த சீசன் தொடங்கிய வாரம் ஓர் இரும்புத் துண்டு பழத்தோடு போய், கூழ் எடுக்கும் மெஷினின் சல்லடையைக் கிழித்துவிட்டது. அரை நாள் வேலை நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பட்டன் வேண்டும், யார் அமுக்கினாலும் அவர்கள் நிற்கிற இடத்தின் எண் சூப்பர்வைசர் மேசைக்கு மேல் எரிய வேண்டும், அதுவும் வருகிற திங்கட்கிழமைக்குள் என்றார்.

சரி சார் என்று வந்துவிட்டேன். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. மேசைக்கு மேலே முந்தைய சீசனில் நான் மாட்டிய பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே, எழுதிக் கொடுத்த புரோகிராமின்படி ஓடுகிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. பாய்லர் சூடு, தொட்டித் தண்ணீரின் மட்டம், சைரன் என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக அதில் வயர் மாட்ட ஒரே ஒரு பின்தான் மிச்சம். பெல்ட் ஓரமாகத் தரைக்குள் புதைத்த பைப்பிலும், எப்போதோ ஓர் அழைப்பு மணிக்காக இழுத்த இரண்டு வயர்தான் இருந்தது. சீசன் நடுவில் தரையை உடைக்க முடியாது. ஆக ஐந்து பட்டன், இரண்டு வயர், ஒரு பின்.

இதற்கு ஒரு வழி உண்டு. மிச்சமிருந்த அந்தப் பின் ஒரு பட்டன் அமுங்கியதா இல்லையா என்பதை மட்டும் சொல்கிற வகை அல்ல. வயரில் வருகிற மின்னழுத்தம் எவ்வளவு என்பதையே எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு பட்டனோடும், மின்சாரத்தைத் தடுக்கிற ரெசிஸ்டரை ஒவ்வோர் அளவில் சேர்த்து, ஐந்தையும் அந்த இரண்டு வயருக்கு நடுவில் இணைத்துவிட்டால், அமுக்குகிற பட்டனுக்குத் தகுந்த எண் வரும். ஒரே கதவை ஐந்து பேர் தட்டினாலும், தட்டுகிற விதத்தை வைத்து வந்தது யார் என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்கிறோமே, அந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பதி போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் எப்போதும் வாங்குகிற கடையில் ரெசிஸ்டர் வாங்கினேன். ஒன்று, இரண்டு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி மூன்று, நான்கு புள்ளி ஏழு, பத்து. எல்லாம் கிலோ ஓம். கடையில் கையிருப்பில் இருந்த அளவுகள் இவைதான் என்பதைத் தவிர, இந்த ஐந்தை எடுத்ததற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பிச் சோதித்தேன். முதல் பட்டனை அமுக்கினால் பின் சொன்ன எண் தொண்ணூற்று மூன்று. இரண்டாவதற்கு நூற்று எண்பத்து நான்கு. மூன்றாவதற்கு இருநூற்று ஐம்பத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஒரு விரலால் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் செய்ததிலேயே அழகான வேலை இதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

திங்கட்கிழமை பொருத்தினேன். ஐந்து பெண்களையும் நிறுத்தி, ஏதாவது சந்தேகம் வந்தால் அமுக்குங்கள், திட்டுவார்களோ என்று யோசிக்காதீர்கள் என்று சொன்னேன். ஐந்து பேரில் நான்கு பேர் சித்தூரைச் சுற்றியுள்ளவர்கள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. மூன்றாவது இடத்தில் நின்றவர் மட்டும் தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாலசமுத்திரத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நானும் அந்த எல்லையோரத்தில், விஜயபுரத்துப் பக்கம் பிறந்தவள் என்று தெரிந்ததிலிருந்து என்னிடம் ஊர்ப் பேச்சில்தான் பேசுவார். பழத்தை அமுக்கிப் பார்க்கவே மாட்டார். மூக்குக்கு அருகில் கொண்டுபோவார், அவ்வளவுதான். மேலே தங்கம் மாதிரி இருக்கிற பழத்தை எடுத்துக் கூடையில் போடுவார். அறுத்துப் பார்த்தால் கொட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கும்.

பட்டன் வந்த நாளிலிருந்து அவர்களுக்கு எண்ணே பெயராகிவிட்டது. ஒண்ணாம் நம்பர், நாலாம் நம்பர் என்று அவர்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். பாலசமுத்திரத்து அக்கா மூணாம் நம்பர் அக்கா ஆனார்.

முதல் இரண்டு நாள் யாரும் தொடாமலே எண்கள் மின்னின. பெல்ட்டின் அதிர்வில் பட்டன் தானாகத் தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. அதனால் புரோகிராமை மாற்றினேன். இரண்டு நொடி அமுக்கிப் பிடித்தால்தான் கணக்கு, அந்த இரண்டு நொடி முடிவில் என்ன எண் இருக்கிறதோ அதற்குரிய இடத்தின் எண்தான் எரியும் என்று எழுதினேன். தானாக மின்னுவது நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

நிம்மதி நான்கு நாள் இருந்தது. அதன்பின் மூன்று எரியத் தொடங்கியது.

எரிந்தால் சூப்பர்வைசர் மேசையிலிருந்து எழுந்து பெல்ட் வரை நடக்க வேண்டும். அவர் தெலுங்கர், ஐம்பதைத் தாண்டியவர், முட்டி வலிக்காரர். மூன்றாவது இடத்துக்கு நடந்து போய் என்ன என்று கேட்பார். அக்கா நிமிர்ந்து பார்த்து, நான் அமுக்கவில்லையே என்பார். அவர் திரும்பி வருவார். அரை மணி நேரத்தில் மறுபடி மூன்று. மறுபடி நடை. வாரக் கடைசியில் அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருந்ததை என்னிடம் காட்டினார். மற்ற நான்கு பேருக்கும் சேர்த்துப் பத்துக் கோடுகூட இல்லை. மூன்றாம் எண்ணுக்குப் பக்கம் நிறைந்திருந்தது. சில சமயம் அமுக்கினேன் என்கிறாள், சில சமயம் அமுக்கவில்லை என்கிறாள், விளையாடுகிறாளா என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

நான் மூன்றாவது பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரம் இல்லை. ரெசிஸ்டரை அளந்தேன், சரியாக இருந்தது. சால்டர் உறுதியாக இருந்தது. இருந்தும் புதுப் பட்டன் மாற்றினேன், வயரை அசைத்துப் பார்த்தேன். மறுநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு காலை முதல் மத்தியானம் வரை அக்கா பக்கத்திலேயே நின்றேன். ஒரு தடவைகூட எரியவில்லை. அன்றைக்கு ஒரே தோட்டத்துப் பழம், நல்ல பழம், யாருக்கும் யாரையும் கூப்பிட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. நான் நின்றால் எரியவில்லை, நகர்ந்தால் எரிகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"தெரியல மேடம். நான் பழத்தத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றார்.

அமுக்கினேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டு மெஷினில் கோளாறா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், எதுவும் கிடைக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொன்னால் மேடம் என்ற பெயர் என்னாவது என்று ஒரு பயம் இருந்தது.

"மெஷின்ல கோளாறு இல்ல சார்" என்றேன்.

மறுநாள் அக்காவைப் பெல்ட்டிலிருந்து எடுத்து வெளியே லாரியிலிருந்து பழம் இறக்குகிற இடத்துக்கு அனுப்பினார்கள். வெயிலில் நிற்கிற வேலை. இரண்டு நாள் செய்தார். மூன்றாவது நாள் வரவில்லை. பெல்ட்டில் அவர் நின்ற இடத்துக்குக் கல்யாணமாகிச் சித்தூருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் வந்தாள்.

அந்தப் பெண் வந்த மறுநாள் காலை மூன்று எரிந்தது. மத்தியானத்துக்குள் மறுபடி இரண்டு முறை. சூப்பர்வைசர் மேசையிலிருந்தபடியே, "மூடோ நம்பர் எவரம்மா இப்புடு?" என்று என்னைக் கேட்டார். மூன்றில் இப்போது யார் என்பது அவருக்கே தெரியும். அந்த இடத்தில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே புத்திதானா என்பதுதான் அவர் கேள்வி. ஆள் மாறியும் எரிகிறதென்றால் ஆள் காரணம் இல்லை. மெஷினும் காரணம் இல்லை என்று சொன்னது நான். அப்படியானால் எதுதான் காரணம்?

இரண்டு நாள் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. ரெசிஸ்டர் சூட்டில் அளவு மாறுகிறதா என்று பார்த்தேன். போர்டை மாற்றினேன். நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் வயர் போவதால் இருக்குமோ என்று அங்கே துணி சுற்றினேன். எதற்கும் மூன்று அசையவில்லை. கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் ஊற்றுகிற பெண் கரண்டியைப் பிடித்தபடி, இன்னொரு தடவை வேண்டுமா என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பாள். நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது பொய். தானாக வந்து நின்றது. சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரம், பெல்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. நாலாம் நம்பர் பெட்டியின் திருகு தளர்ந்திருந்ததால் இறுக்கிக்கொண்டிருந்தேன். நான்கும் ஐந்தும் பெல்ட்டின் கடைசியில் எதிரெதிராக இருக்கிற இடங்கள். ஐந்தாவது இடத்துப் பெண் பட்டனில் ஒட்டியிருந்த சாற்றை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கை நாலாவது பட்டன் மேல் ஊன்றியிருந்தது எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு மேலே மூன்று எரிந்தது.

மூன்றாவது இடத்தில் யாரும் இல்லை. அந்தப் புதுப்பெண் கை கழுவப் போயிருந்தாள். ஐந்தாம் நம்பர் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். துணியை எடுக்காமல் அப்படியே பிடிக்கச் சொன்னேன். மூன்று நின்று எரிந்தது. என் கையை எடுத்தேன், இரண்டு நொடியில் ஐந்து எரிந்தது. மறுபடி வைத்தேன். மூன்று.

அங்கேயே பழக்கூடை மேல் உட்கார்ந்து கையில் இருந்த பேனாவால் உள்ளங்கையில் கணக்குப் போட்டேன். நான்காவது பட்டனோடு நான்கு புள்ளி ஏழு கிலோ ஓம் ரெசிஸ்டர். ஐந்தாவதோடு பத்து. இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்தால் மின்சாரத்துக்குத் தடை குறையும். இரண்டும் சேர்ந்து மூன்று புள்ளி இரண்டு. மூன்றாவது பட்டனின் ரெசிஸ்டர் மூன்று புள்ளி மூன்று. பின்னுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து தட்டினால் மூன்றாமவர் தட்டுவது போலவே அதற்குக் கேட்டிருக்கிறது. முதல் வருடப் புத்தகத்தில் இருக்கிற கணக்கு. வீட்டில் ஒரே ஒரு விரலால் சோதித்தவளுக்கு இரண்டு பேர் அமுக்குவார்கள் என்று தோன்றவே இல்லை. அதோடு இரண்டு நொடி பிடிக்க வேண்டும் என்று நான் வைத்த விதி, முன்னே பின்னே அமுக்குகிற இரண்டு கைகளையும் ஒன்றாக்கிவிட்டிருக்கிறது.

ஐந்தாம் நம்பர் பெண்ணிடம், நீங்கள் இருவரும் சேர்ந்து அமுக்குவதுண்டா என்று கேட்டேன். அவள் அதில் ஒரு தப்பும் இல்லை என்பது போலச் சொன்னாள்.

"கடைசில நிக்கிறது நாங்க ரெண்டு பேரு தான மேடம். மேல வுட்டது எல்லாம் எங்க கிட்டதான் வந்து குவியுது. குவிஞ்சா ரெண்டு பேருமே அமுக்குவோம்."

"அப்போ மூணு எரியறதைப் பாக்கலியா?"

"பாத்தோம். அந்த அக்கா எங்களுக்கு முன்னாடியே அமுக்கிட்டாங்கன்னு நெனச்சோம். எப்பவும் அவங்களுக்குத்தான மொதல்ல வாசனை தெரியும்."

நாலாம் நம்பர் பெண்ணும் வந்து கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த அக்கா ஒன்றும் செய்யவில்லையா என்று இரண்டு முறை கேட்டாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். உள்ளங்கைக் கணக்கைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி செய்ய எத்தனை நாள் ஆகும் என்றார். ஒரு நாள் என்றேன். செய்துவிடு என்றார். அந்த அம்மாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது சூப்பர்வைசர் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு நின்றார். நோட்டைத் திறந்து அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா இப்போது திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை செய்வதாக லாரியில் பழம் இறக்குகிறவர்கள் பேசிக்கொண்டதை அவர்தான் எனக்குச் சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மாடியில் துணி உலர்த்துகிற லாட்ஜ் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த அடையாளம்.

திருப்பதிக்கு நான் எப்படியும் போக வேண்டியிருந்தது. இம்முறை ரெசிஸ்டர் அளவுகளை யோசித்து எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படி இருந்தால் எந்த இரண்டு சேர்ந்தாலும் வேறொரு பட்டனின் எண் வராது. கடைக்காரர் எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அங்கே மாடியில் துணி உலர்த்தாத லாட்ஜ் எது? நான்கு இடத்தில் ஏறி இறங்கினேன். ஐந்தாவதன் மொட்டைமாடியில் வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். ஃபேக்டரியில் இன்னும் ஏதோ பிரச்சினை என்று நினைத்திருப்பார். நான் வழி முழுக்க யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் வரிசை மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே, அது நீங்கள் அமுக்கியது இல்லை அக்கா, நாலும் அஞ்சும் சேர்ந்து அமுக்கினால் மெஷின் மூணு என்று காட்டியிருக்கிறது, தப்பு என்னுடையது என்று கொட்டிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டு குழாய் வந்தது. ஒன்றைக் கொஞ்சமாகத் திறந்தேன், கீழே இருந்த வாளியில் விழுகிற தண்ணீரைக் காட்டினேன். இன்னொன்றையும் திறந்தேன். வாளியில் விழுகிறதை மட்டும் பார்ப்பவனுக்கு ஒரே பெரிய குழாய் என்றுதானே தோன்றும் என்றேன். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் புத்தி நல்லாத்தான் கீதா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அவர் போர்வையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். முதலில் சில தடவை அவரே அமுக்கியிருக்கிறார், அது அவருக்கு நினைவிருக்கிறது. அப்புறம் சூப்பர்வைசர் வந்து நின்றபோதெல்லாம், கை தெரியாமல் பட்டுவிட்டதோ என்று நினைத்திருக்கிறார். பிறகு பட்டன் பக்கமே கை போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போதும் மூன்று எரிந்தது.

"கையப் பின்னால கட்டிக்கினு நின்னேன் மேடம். ஆனாலும் அவரு வராரு. எங்க நைனாவுக்குக் கடைசிக் காலத்துல துன்னது கூட ஞாபகம் இருக்காது, மறுபடி சோறு கேப்பாரு. எனக்கும் அது வந்துடுச்சுன்னு நெனச்சேன். நானே அமுக்கிட்டு நானே மறந்துடறேன்னு. அத்த யாரு கிட்ட சொல்றது? அதான் வந்துட்டேன்."

வெயிலுக்கும் கோபத்துக்கும் பயந்து வேலையை விட்டுப் போனவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திருப்பதியில் அவர் மகள் வீடு இருந்தது. மகளிடம்கூட இதைச் சொல்லவில்லையாம். போர்வை எத்தனை துவைத்தோம் என்று தினமும் சாயந்திரம் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாராம், சரியாக வருகிறதா என்று. அவரோடு சேர்ந்து இன்னும் நான்கு போர்வை மடித்தேன். கீழே வந்து ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். நான் வாங்குகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ என்னைத் தேடிக்கினு வந்து கீற" என்றார். மேடம் என்பது போய்விட்டிருந்தது.

திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஆறு நாள் கழித்து வந்தார். லாட்ஜில் சொல்லி மிச்ச சீசனுக்கு மட்டும் விடுப்பு வாங்கியிருந்தார். நான் மேனேஜரிடம் பேச வேண்டியிருக்கவில்லை, சூப்பர்வைசரே பேசி முடித்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்று, "தின்னாவாம்மா?" என்றார். அக்கா சாப்பிட்டாச்சு என்று தலையாட்டினார். இருவருக்கும் அவ்வளவுதான் பேச்சு.

அதற்குள் நான் புது ரெசிஸ்டர்களை மாட்டி, புரோகிராமையும் மாற்றியிருந்தேன். இப்போது இரண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் இரண்டு எண்ணும் எரியும். அக்காவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். இடைவேளையில் கூப்பிட்டுக்கொண்டுபோய் நான்கையும் ஐந்தையும் அமுக்கச் சொன்னேன். நான்கும் ஐந்தும் எரிந்தன. அவர் தலையை ஆட்டினார்.

"மூணு பேரு அமுக்கினா?"

மூன்று பேரை அமுக்க வைத்தேன். மூன்று எண்ணும் சரியாக வந்தன.

"அஞ்சு பேரும்?"

அதை நான் சோதித்திருக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எதற்கு அமுக்கப்போகிறீர்கள் என்றேன். ஆனால் அதற்குள் மற்ற நால்வரும் ஆளுக்கொரு பட்டனில் கை வைத்துவிட்டார்கள். அக்கா தன் பட்டன்மேல் ஒரு விரலை வைத்தார், நெருப்பைத் தொடுவது போல. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நின்று எரிந்தன. ஐந்து வந்து வந்து போனது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஐந்தாம் நம்பர் பெண் நான் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஐந்தும் சேரும்போது எண்கள் நெருங்கிப்போய், ஐந்தாவது பட்டன் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் ஒன்றோ இரண்டோதான் வித்தியாசம். மேசைக்கு மேலிருந்த பெட்டிக்குள், வயருக்கு மின்சாரம் போகிற வழியில் இருந்த இன்னொரு ரெசிஸ்டரை மாற்றினால் அந்த இடைவெளி கூடும் என்று அடுத்த நாள் கண்டுபிடித்து மாற்றினேன். அதன்பின் ஐந்தும் நின்றது. நின்றது என்றுதான் நினைக்கிறேன். ஐந்து பேரையும் மறுபடி சேர்த்துச் சோதிக்க நேரம் கிடைக்கவில்லை. பழ வரத்து குறைந்து, ஆளைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசி இரண்டு வாரமும் அக்கா மூன்றாவது இடத்தில்தான் நின்றார். பட்டனைத் தொடவில்லை. ஏதாவது என்றால் இடது கையை உயர்த்துவார். மேசைக்கு மேலிருக்கும் எண்ணைப் பார்க்கப் பழகிய சூப்பர்வைசர் அந்தக் கையையும் பார்க்கப் பழகினார். பட்டன் இப்போது சரியாக இருக்கிறது அக்கா என்று ஒரு முறை சொன்னேன். சரியாத்தான் இருக்கும், நீ செஞ்சது என்றார். என்னைப் பாராட்டினாரா, ஆறுதல் சொன்னாரா, இல்லை என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டாரா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை. லாட்ஜ் வேலையே போதும் என்று சொல்லிவிட்டாராம். திருப்பதிக்குப் போகும்போது சில தடவை அந்த மாடி ஏறிப் பார்த்திருக்கிறேன். இருந்தால் டீ குடிப்போம். மகள் வீடு, பஸ் நெரிசல், முட்டி வலி என்று பேசுவோம். ஃபேக்டரிப் பேச்சை அவராக எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. போன முறை போனபோது அவர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் மாடியில் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி வந்தேன்.